அத்தானின் பிளஷரும் அக்காளின் கால்களும்

புதுக்கோட்டையில் வந்து இறங்கிய அன்று எனக்கு முதல் கோபம் காலைப் பலகாரத்துக்கு முன்பே வந்துவிட்டது. இரண்டாவது கோபம் பலகாரம் முடிந்த கையோடு வந்தது. அதற்கப்புறம் வந்தவற்றை நான் எண்ணவில்லை.

நான் மலாய் நாட்டில், ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக இருக்கிறவன். அதாவது கணக்குப்பிள்ளை. லீவு கிடைப்பது எங்களுக்குக் குதிரைக் கொம்பு. இந்தத் தடவை துரையிடம் மன்றாடி லீவு வாங்கிக் கப்பல் ஏறியதற்கு ஒரே காரணம் என் அக்காள். ஆலங்குடிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். இன்னும் நாற்பது வயதாகவில்லை. நீரில் சர்க்கரை இறங்குகிறது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஊரிலிருந்து வந்த ஒருவர் மூலம் அத்தான் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் தாயாரும் இதே வியாதியில்தான் போனார். முதலில் பார்வை மங்கியது. பிறகு காலில் ஆறாத புண். பிறகு எனக்குத் தந்தி. அக்காளையும் தந்தியில் பார்க்க எனக்கு மனசில்லை.

முதல் கோபத்தைச் சொல்கிறேன். நாள்கணக்காகக் கப்பலிலும் ரயிலிலும் குந்தி உட்கார்ந்து வந்த உடம்பு, நடக்கத் துடித்தது. ரயிலடியில் ஒரு ஜட்காவைப் பிடித்து, "பெட்டியை ஏற்றிக்கொள்ளுங்கள், நான் நடந்து வருகிறேன்" என்றேன். ஜட்காக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொட்டி வண்டியில வரும், நீங்க நடந்து வருவீங்களா? பாக்குறவுங்க என்னைய என்னங்க நெனப்பாங்க?"

"ஒன்றும் நினைக்க மாட்டார்கள், ஓட்டுங்கள்" என்று நடந்தேன். அந்த மனிதர் குதிரையை என் பின்னாலேயே அடிமேல் அடி வைத்து நடத்தி வந்தார். புதுக்கோட்டை வீதிகளைப் போல நேரான, அகலமான வீதிகளை நான் ஈப்போவில்கூடப் பார்த்ததில்லை. நடப்பதற்கென்றே கோடு பிடித்துப் போட்டிருக்கிறார்கள். அதில் நடக்கிறவர்கள் எல்லாம் தலையில் சுமையோடு நடக்கிறார்கள். சுமையில்லாமல், சலவை வேட்டியோடு நடந்தவன் நான் ஒருவன்தான். கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவர் ஜட்காக்காரரிடம் விசாரிப்பதும், அவர் தன் மேல் தப்பில்லை என்று கையை விரிப்பதும் என் காதில் விழுந்தது. ஓட்டல் வாசலில் பெட்டியை இறக்கும்போது அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏதும் வேண்டுதலுங்களா?"

சாமிக்கு நேர்ந்துகொண்டால் ஒழிய, வசதியுள்ளவன் கால் தரையில் படக்கூடாது என்று இங்கே யார் சட்டம் போட்டது? எனக்குச் சுறுசுறுவென்று வந்தது. ஆனால் இட்லி சூடாக இருந்தது, கத்தரிக்காய்க் கொத்சும் நன்றாக இருந்தது, கோபத்தை ஒத்திவைத்தேன். காப்பிக்குச் சீனி வேண்டாம் என்றேன். பரிமாறியவர் உள்ளே திரும்பி, "வைத்தியக் காப்பி ஒண்ணு!" என்று ஓட்டல் முழுக்கக் கேட்கும்படி கூவினார். பக்கத்து மேஜைக்காரர் தம் இலையைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது கோபம் ஆலங்குடி பஸ். ஏறி உட்கார்ந்தோம். உட்கார்ந்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒருவர் மடியில் ஒருவராக அடுக்கப்பட்டோம். பஸ் புறப்பட்டு, இரண்டு தெரு தாண்டி, ஒரு பெரிய வீட்டு வாசலில் நின்றது. டிரைவர் ஹாரனை அமுக்கினார். யாரும் வரவில்லை. மறுபடி அமுக்கினார். உள்ளேயிருந்து ஓர் ஆள் வந்து, "ஐயா எண்ணெய் தேச்சுக்கிட்டு இருக்காங்க. வந்துருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எண்ணெய் தேய்த்து, ஊறி, வெந்நீரில் குளித்து, தலை துவட்டி, பலகாரம் சாப்பிட்டு அந்த ஐயா வரும்வரை பஸ் நின்றது. எஞ்சினையும் அணைக்கவில்லை, அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்று டிரைவருக்கு நம்பிக்கையில்லை. புகை உள்ளே வந்தது. என் எதிரில் ஒரு கைக்குழந்தை வாந்தியெடுத்தது. அதன் தாய் முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நடந்தே போயிருந்தா இந்நேரம் பாதி வழி போயிருப்பேன். பஸ்ல வந்தா மதிப்புன்னு இவுக அப்பா ஏத்தி விட்டாரு."

"ஐயா எதுவரைக்கும் வருகிறார்?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"டவுன் தாண்டுனதும் அவுங்க தோட்டம் இருக்குங்க. அங்கிட்டு எறங்கிருவாங்க."

அந்தத் தோட்டம் நாங்கள் நின்ற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிந்தது! ஐயா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினால், ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் போய்விடலாம். அதற்காக ஒரு பஸ் நிறைய ஜனங்கள் புகையைக் குடிக்க வேண்டும். நான் எழுந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பாதி மலாய் மொழியில் கத்தினேன் போலிருக்கிறது, ஒருவருக்கும் கோபம் வரவில்லை. பெட்டியை அத்தான் பெயரைச் சொல்லிக் கண்டக்டரிடம் ஒப்படைத்துவிட்டு, இறங்கிப் போய் வாடகை சைக்கிள் கடை ஒன்றைத் தேடிப் பிடித்தேன்.

கடைக்காரர் ஒரு நல்ல சைக்கிளாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். காற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "எந்த ஊருக்குங்க?" என்றார். சொன்னேன். "யாருங்க, ரொம்ப வயசானவுங்களா?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என் அக்காள்" என்றேன். "அடடா" என்று உச்சுக்கொட்டினார். அக்காளின் உடம்பைப் பற்றி இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே ஏறி மிதித்தேன்.

சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. சில வருஷங்களுக்கு முன்பு எனக்கும் தொந்தி விழுந்து, நெஞ்சு எரிந்து, படுத்தால் தூக்கம் வராமல் கிடந்தேன். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என் நாடியைப் பிடித்துவிட்டு, "மருந்து கிடக்கட்டும் காணும். ஒரு சைக்கிள் வாங்கும். வாங்கிச் சுவரில் சாத்தி வைக்காதேயும், ஏறி மிதியும்" என்றார். திட்டிக்கொண்டேதான் வாங்கினேன். சில மாதங்களில் வேட்டியை இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. படுத்தவுடன் தூக்கம் வந்தது. ஈப்போவில் சைக்கிளுக்குச் சாதியும் இல்லை, வயசும் இல்லை. சீனக் கிழவி காய்கறிக் கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு மிதிக்கிறாள். மலாய் வாத்தியார் மிதிக்கிறார். பஞ்சாபிக் காவல்காரர் தலைப்பாகை கலையாமல் மிதிக்கிறார். அவர்களைப் பார்த்து யாரும் வேண்டுதலா என்று கேட்பதில்லை.

ஆலங்குடிச் சாலை சைக்கிளுக்கு ஏற்ற சாலை. இரண்டு பக்கமும் செம்மண், கடலைக் கொல்லை, முந்திரி. நடுநடுவே தென்னந்தோப்பு. பலாப்பழம் ஏற்றிய மாட்டு வண்டிகள் வாசனையைத் தூவிக்கொண்டு எதிரே வந்தன. நான் உற்சாகமாக மணியடித்துக்கொண்டு போனேன். ஊருக்கு ஊர் ஜனங்கள் எனக்குக் காட்டிய மரியாதைதான் ஆச்சரியமாக இருந்தது. மணிச் சத்தம் கேட்டதும் பேசிக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடினார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஒரு பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "எந்த ஊருக்குப்பா?" என்று கேட்டார். நான் ஊர்ப்பெயரைச் சொல்லிக் கையை ஆட்டினேன். மலாய் நாட்டிலிருந்து வந்தவன் என்று முகத்திலேயே எழுதியிருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் என்னைத் தாண்டவே இல்லை. அந்த மகிழ்ச்சியில் அக்காள் ஊர்த் தெருவுக்குள் வேகமாக நுழைந்தேன். முதல் வீட்டுப் பெண் என்னைப் பார்த்தாள், கையிலிருந்த முறத்தைப் போட்டாள். "ஐயோ, சைக்கிள் வருதே!" என்று ஓர் அலறல். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. நான் நேரே அக்காள் வீட்டு முன்னால் போய்ச் சைக்கிளை நிறுத்தியதும் பத்துப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். வாசற்படியில் அக்காள். கனத்து, முகம் ஊதி, கன்னம் தொங்கி நின்றாள். சைக்கிளைத்தான் பார்த்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. "போயிட்டியாடா என் ராசா, கடல் தாண்டிப் போயி என்னைய விட்டுட்டுப் போயிட்டியாடா!" என்று நிலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

அவள் அழுதது எனக்காக.

இந்தப் பக்கத்தில் சைக்கிள் ஒரு கிராமத்துக்குள் வேகமாக வந்தால் அது கேதம் சொல்ல வருகிறது என்று அர்த்தமாம். சாவுச் சேதி கொண்டுபோகிறவன்தான் டவுனில் வாடகை சைக்கிள் எடுத்து ஊர் ஊராகப் போய்ச் சொல்வான். வேறு எதற்கும் யாரும் எடுப்பதில்லை. நான் வருவதை முன்கூட்டி எழுதியிருக்கவில்லை. மலாய் நாட்டிலிருந்து எனக்கு ஏதோ ஆகிவிட்டதாகத் தந்தி வந்து, அதைச் சொல்ல ஆள் வந்திருக்கிறது என்று அக்காள் முடிவு கட்டிவிட்டாள். என் சாவுச் சேதியை நானே மிதித்துக்கொண்டு வந்தவன் ஆனேன்.

தண்ணீர் தெளித்து, என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, அவளுக்கு மூச்சு அடங்க வெகு நேரமாயிற்று. "அம்மா போனப்பவும் இப்படித்தான்டா ஒருத்தன் மணியடிச்சுக்கிட்டு வந்தான்" என்றாள். எனக்கு அழுகையும் வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. உடம்பைக் காப்பாற்றுகிற ஒரு நல்ல வண்டியை எமனுக்கு வாகனமாகக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்களே!

அப்போது தெருமுனையில் பாம் பாம் என்று சத்தம் கேட்டது. அத்தானின் கார். ஊரார் அதைப் பிளஷர் என்கிறார்கள். கடலை வியாபாரத்தில் நன்றாக வந்து, போன வருஷம் வாங்கியிருக்கிறார். அடுத்த தெருவில் இருக்கும் கடலைக் கொட்டகையிலிருந்து வீட்டுக்கு அதில்தான் வந்தார். "வாங்க மாப்பிள்ளை!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். நல்ல மனிதர், அதைச் சொல்லிவிட வேண்டும். குடியில்லை, வேறு பழக்கம் இல்லை, அக்காளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை சுலபமாகப் போயிருக்கும்.

மத்தியானம் இலை போட்டார்கள். நெய்யும் பருப்பும், கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்த மீன் குழம்பு, வறுவல், அதன் பிறகு அதிரசம், அதன் மேல் தேனில் ஊறிய பலாச்சுளை. எனக்குப் போட்டதெல்லாம் அக்காள் இலையிலும் விழுந்தது. "அத்தான், சர்க்கரை வியாதிக்காரிக்கு இதெல்லாமா?" என்றேன்.

"டாக்டரு வேணாம்னாருதான். ஆசையாக் கேட்டா எப்படி மாப்பிள்ளை இல்லேங்கிறது?"

"வேறு என்ன சொன்னார் டாக்டர்?"

அத்தான் சிரித்தார். "காலையில சாயந்தரம் நடக்கச் சொன்னாரு. நடக்கிற அளவுக்கு நாங்க கெட்டுப் போயிரலீங்க டாக்டர்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

டவுனில் தனியாக வைத்தியம் பார்க்கும் அந்த டாக்டரை எனக்குத் தெரியாது. அவரும் தம் வீட்டிலிருந்து எதிர்ச்சாரியில் இருக்கும் வைத்தியசாலைக்குக் காரில்தான் வருவாராம். அத்தான் அதைப் பெருமையாகச் சொன்னார். நோயாளிக்கு நடையை எழுதிக் கொடுத்துவிட்டுத் தாம் காரில் ஏறுகிற வைத்தியரின் பேச்சை யார் கேட்பார்கள்?

மறுநாள் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். கோயில் வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிறது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். "இருங்க, இருங்க" என்று டிரைவரைக் கூப்பிட்டார்கள். டிரைவர் வந்தார். கைப்பிடியைச் சுழற்றினார், வண்டி இருமியது, நின்றது. மறுபடி சுழற்றினார். பின்னுக்கு எடுத்து, கோழிகளை விரட்டி, ஜன்னலுக்குத் திரை போட்டு, அக்காளைக் கைத்தாங்கலாக ஏற்றி, கதவைச் சாத்தி, கோயில் வாசலில் இறக்கினார்கள். நான் அதற்குள் நடந்தே போய் மூன்று சுற்றும் சுற்றிவிட்டேன். கார் கிளப்பிய புழுதி, சுள்ளிக்கட்டு சுமந்து போன நாலைந்து பெண்கள் தலையில் படிந்தது.

அந்தப் பெண்களிடம் போய், நீங்கள் எவ்வளவு கொடுத்து வைத்தவர்கள், நடப்பதுதான் உடம்புக்கு மருந்து என்று ஆரம்பித்தேன். சுமையை இறக்காமலே ஒருத்தி என்னைப் பார்த்தாள். "நடக்குறது மருந்துன்னா எங்களுக்கு நோவே வரப்படாதுங்களே. மருந்து நெறையத்தான் குடிக்கிறோம். சோறுதான் பத்தல." அவள் போய்விட்டாள். ஒருத்தியை உட்கார்த்தி வைத்துச் சாகடிக்கிறோம், இன்னொருத்தியைப் பட்டினியோடு நடக்கவிட்டுச் சாகடிக்கிறோம். இரண்டையும் செய்கிற ஊரில் டாக்டர் எதற்கு, வைத்தியசாலை எதற்கு?

அன்று சாயந்தரம் அத்தானோடு சண்டை பிடித்தேன். அக்காளுக்கு விளக்கு வைத்த பிறகு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை என்று கண்டுபிடித்திருந்தேன். எங்கள் தாயாருக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. "இவள் இப்படியே உட்கார்ந்திருந்தால் கண் போகும், கால் போகும், பிறகு ஆளே போய்விடுவாள். தினம் நடக்கட்டும், விடுங்கள்" என்றேன்.

"என்ன மாப்பிள்ளை பேசுறீங்க? எம் பொண்டாட்டி தெருவுல நடந்து போனா, நான் எதுக்கு இருக்கேன்? மகாராணி மாதிரி வச்சிருக்கேன். நாலு பேரு என்ன கேப்பாங்க?"

"அந்த நாலு பேரும் வந்து அவளுக்குக் கண் கொடுப்பார்களா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்பாயிருக்கிற மனிதனோடு சண்டை போடுவதைப் போன்ற தொல்லை வேறில்லை. அக்காள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அவளே என்னை எழுப்பினாள். அத்தான் மூட்டை ஏற்றுவதற்குக் கொட்டகைக்குப் போயிருந்தார். "வாடா, கண்மாய்க்கரை வரைக்கும் போய்ட்டு வருவோம். தரை எப்படி இருக்கும்னே மறந்து போச்சு" என்றாள். கிளம்பினோம். தெருமுனை தாண்டியதும் செருப்பைக் கழற்றிவிட்டாள். வெறுங்காலோடு நடந்தால் குளிர்ச்சியாக இருக்கிறதாம். அந்தச் செருப்பைத் துண்டில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். நாலு அடி நடப்பாள், நிற்பாள், மூச்சு வாங்குவாள். முகம் மட்டும் விளக்கைத் தூண்டியது போல இருந்தது.

கிணற்றடியில் ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். "என்னத்தா, விடிஞ்சும் விடியாம தம்பியோட எங்கிட்டுப் போறீங்க?"

"சும்மாதான் நடக்குறோம்."

"சும்மாவா?" என்று அவள் என் கையிலிருந்த துண்டு மூட்டையைப் பார்த்தாள். அக்காளின் மூச்சிரைப்பைப் பார்த்தாள். குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள். வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்தவள் ஓடுகிறாள் என்று நினைத்தேன்.

கரையேறுவதற்குள் எங்களுக்குப் பின்னால் ஊர் திரண்டு வந்துவிட்டது. ஒருத்தி அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆம்பளைன்னா ரெண்டு வார்த்தை பேசத்தான் செய்வாங்க. அதுக்காக வீட்டை விட்டு எறங்கிறதா?" இன்னொருத்தி என் கையிலிருந்த மூட்டையைப் பிடுங்கப் பார்த்தாள். "துணிமணியெல்லாம் எடுத்துக்கிட்டியாத்தா? வேணாம்த்தா!" கல்யாணமானவள் விடியற்காலையில் கூடப்பிறந்தவனோடு நடந்து போனால், புருஷனோடு கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறாள் என்றுதான் அர்த்தமாம். வேறு அர்த்தம் இந்த ஊரில் கிடையாது.

ஊர்த் தலைவரான அம்பலக்காரர் வாயில் வேப்பங்குச்சியோடு வந்து வழியை மறித்தார். "ஏம்ப்பா, கப்பல் ஏறி வந்தது குடும்பத்தைப் பிரிக்கத்தானா? ரெண்டு நாள் பொறுக்கல ஒனக்கு?"

எனக்கு வந்த கோபத்தில் தலை சுற்றியது. மூட்டையைப் பிரித்துச் செருப்பைக் காட்டினேன். "இது செருப்பு! இவளுக்குச் சர்க்கரை வியாதி! டாக்டர் நடக்கச் சொன்னார்! உடம்புக்காக நடக்கிறோம்!" என்று கத்தினேன். அம்பலக்காரர் பரிதாபமாகத் தலையை ஆட்டினார். "செருப்பையுமா எடுத்துக்கிட்டீங்க. அப்ப திரும்பி வர்ற எண்ணமே இல்ல."

பாம் பாம் என்று பிளஷர் வந்தது. அத்தான் குதித்து இறங்கினார். சட்டை இல்லை, தோளில் கடலைத் தூசி, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நேற்று நான் போட்ட சண்டையினால்தான் அவள் போகிறாள் என்று அவரும் நம்பிவிட்டார். ஊர் பார்க்கிறது என்பதைக்கூட மறந்து, "நான் ஒனக்கு என்னடி கொறை வச்சேன்?" என்றார். கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "ஏறு. எதுன்னாலும் வீட்டுல பேசிக்குவோம். ஏறும்மா."

அக்காள் கரையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை. திறந்த கதவைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். நான் மறுபடி விளக்கம் சொல்ல வாயெடுத்தேன், கையால் என்னை அமர்த்தினாள்.

"ஆமா. கோவிச்சுக்கிட்டுத்தான் போறேன்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூட்டத்துக்கோ நிம்மதி வந்துவிட்டது. இவ்வளவு நேரம் விளங்காமலிருந்தது விளங்கிவிட்டதல்லவா! அம்பலக்காரர் வேப்பங்குச்சியை எறிந்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, முறையாக உட்கார்ந்தார். "அப்படிச் சொல்லுத்தா. கோவம் தீர என்ன செய்யணும்?"

"கோவிச்சுக்கிட்டுப் போறவளை எப்படிக் கூப்பிட வரணும்னு முறை இருக்குல்ல? கார்ல உக்காந்துக்கிட்டு ஏறுன்னா நான் ஏற மாட்டேன். நடந்து வந்து கூப்பிடணும். நடத்திக் கூட்டிக்கிட்டுப் போகணும்."

"அது முறைதானே" என்றார் அம்பலக்காரர். கூட்டமும் முறைதான் என்றது. "காரை அனுப்புங்க" என்று அத்தானுக்குத் தீர்ப்பாயிற்று.

"இன்னொண்ணு" என்றாள் அக்காள். "நாளைக்கும் கோவிச்சுக்கிட்டு வருவேன்."

"நாளைக்குமா?"

"நாளைக்கும் வருவேன், அதுக்கு மறுநாளும் வருவேன். எனக்கு அவ்வளவு சீக்கிரம் கோவம் தீராது. அவுக தெனமும் நடந்து வந்து கூப்பிடட்டும்."

சிரிப்பு எழுந்தது. ஆனால் யாரும் மறுக்கவில்லை. டாக்டர் சொன்னார் என்றபோது காதில் வாங்காத ஊர், கோபம் என்றதும் வழி விட்டது. டிரைவர் வெறும் காரை ஓட்டிக்கொண்டு போனார். அத்தானும் அக்காளும் முன்னால் நடந்தார்கள், நான் செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பாதி வழியில் புளியமரத்தடியில் அத்தான்தான் முதலில் உட்கார்ந்தார். காரில் ஏறி ஏறி அவருக்கும் நடை மறந்து போயிருந்தது. "என்ன மாப்பிள்ளை, நெஞ்சு இப்படி அடிக்குது" என்று என்னைக் கேட்டார். அக்காள் அவருக்கு முந்தானையால் விசிறினாள்.

அதற்குப் பிறகு தினமும் அதுதான். விடிந்தால் அக்காள் கோபித்துக்கொண்டு கண்மாய்க்கு நடப்பாள். கொஞ்ச நேரம் பொறுத்து அத்தான் நடந்து போய்க் கூட்டி வருவார். "இன்னிக்கு என்ன கோவம்த்தா?" என்று கிணற்றடியில் கேட்பார்கள். ஒரு நாள் சீலை நிறம் பிடிக்கவில்லை என்பாள், ஒரு நாள் குறட்டை என்பாள். அதிரசத்தை இலையில் போடாமல் எடுத்து வைத்ததற்காக ஒரு நாள் உண்மையாகவே கோபித்தாள். வரவரக் கரையைத் தாண்டி, கண்மாய்த் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற மறுகால் வரைக்கும் போனாள். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் மாடிக்குப் போய் அப்பளக் கூடையை எடுத்து வந்தாள், நடுவில் நிற்கவில்லை. சர்க்கரை இறங்கியதா, பார்வை திரும்புமா என்றெல்லாம் எனக்குத் தெரியாது. டவுன் டாக்டரைத்தான் கேட்க வேண்டும். நடந்து போய்க் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் என் கோபம் தணியவில்லை. எப்படித் தணியும்? உயிர் பிழைக்கத் தரையில் நடக்க வேண்டும் என்பதற்கு, ஒரு தப்பும் செய்யாத புருஷனோடு ஊரறியப் பொய்ச் சண்டை போட வேண்டியிருக்கிறதே! மனிதன் காலோடுதானே பிறக்கிறான், அதைப் பயன்படுத்த ஒரு சாக்கு வேண்டுமா? ஈப்போவுக்குத் திரும்புகிற அன்று காலை சாலையில் பஸ்ஸுக்காக நிற்கும்போது அக்காளிடம் இதையே பொரிந்து தள்ளினேன். என்னை வழியனுப்ப அவள் நடந்தே வந்திருந்தாள். அத்தான் வெகு தூரத்தில், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"தினம் தினம் பொய்க் கோபம் காட்டிக்கொண்டு எத்தனை நாள் நடப்பாய் அக்கா?" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பொய்க் கோவம்னு யாருடா சொன்னா?" என்றாள். "அந்தக் கார் வந்த அன்னிக்கு வந்த கோவம். ஏறுன்னாங்க, ஏறுனேன். எறங்குன்னாங்க, எறங்குனேன். நான் எங்கிட்டுப் போகணும்னு ஒருத்தரும் என்னையக் கேக்கல. சொல்லுறதுக்கு எனக்கும் ஒரு வழி கெடைக்கல."

பஸ் வந்து நின்றது. அன்றைக்கு இடம் இருந்தது. கண்டக்டர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஆத்தா, நீங்களும் ஏறுங்க. ஊரு முக்குல எறக்கி விட்டுர்றேன்" என்றார்.

"தம்பி ஏறட்டும்" என்றாள் அக்காள். "நான் எங்கிட்டுப் போறேன்னு இன்னும் முடிவு பண்ணல."